மாமாவின் கட்டிப்பால் கணக்கும் மூன்று கணினிகளும்

சுங்கை சிப்புட் பட்டணத்தில் என் தாய்மாமா கட்டிப்பால் வாங்கி விற்கிறார். மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலேயே உறைந்துபோன ரப்பர் பால்தான் கட்டிப்பால். லிந்தாங் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார்கள். ஆள் வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். மாமா முப்பது வருடம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். தொழிலாளர்களின் பேரேடான செக்ரோல் எழுதிய கை. நீளமான கணக்குப் புத்தகம், நடுவில் கார்பன் தாள், நீல மைப் பேனா என்று எல்லாம் பழைய முறைதான். கண்புரை அறுவைக்குப் பிறகு சின்னக் கட்டங்களில் எழுதச் சிரமப்பட்டார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, ஏதாவது செஞ்சு குடுடா" என்றார். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓரளவு எழுதுவேன். இந்த வித்தியாசத்தையெல்லாம் மாமாவிடம் விளக்க முடியாது.

வேலை பெரிதில்லை. எடை, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு, அன்றைய விலை. மூன்றையும் பெருக்கினால் கொடுக்க வேண்டிய பணம். ஒரு ரசீது, நாள் முடிவில் ஒரு மொத்தம். எக்செல் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் அதைத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் சூத்திரம் இருந்த கட்டத்தின் மேலேயே மாமா விலையைத் தட்டிவிட்டார். இணையத்தில் வைக்கலாம் என்றால், கடையில் மழை பெய்தால் இணையம் போய்விடும், இங்கே மழை பெய்யாத மாலை குறைவு. ஆகவே கணினியிலேயே ஓடும் ஒரு செயலி. அதிலும் ஒரு சிக்கல்: கடையில் விண்டோஸ், என் மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட், மாதக் கணக்கைச் சரிபார்க்கும் மாமா மகள் கோலாலம்பூரில் வைத்திருப்பது மேக். ஒருமுறை எழுதி மூன்றிலும் ஓட வேண்டும்.

சாளரம், பொத்தான் எல்லாம் வரைந்து கொடுக்கும் நிரல் தொகுப்பைக் கருவித்தொகுதி என்பார்கள். பைத்தானின் சொந்த நூலகத்திலேயே இருக்கிறது என்பதால் டிகின்டர் என்ற கருவித்தொகுதியில் தொடங்கினேன். இரண்டு மணி நேரத்தில் நான்கு பெட்டிகளும் ஒரு பொத்தானும் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னடா, பெருமாளுக்குக் கொம்பு பின்னால முளைச்சிருக்கு?"

உண்மைதான். சோதனைக்குத் தட்டியிருந்த பெயர் கோவிந்தன் பெருமாள். 'பெ' என்பதில் கொம்பு முன்னால் வர வேண்டும். திரையில் ப முதலில் நின்றது, கொம்பு அதற்குப் பின்னால் தனியாகக் கிடந்தது. 'கோவிந்தன்' இன்னும் மோசம்: க தனியாக, ஓகாரக் குறி தனியாக, கடைசி ன்-இன் புள்ளி பக்கத்தில் எங்கோ. நான் எண்களையே சோதித்துக்கொண்டிருந்ததால் பெயர்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

காரணம் தேடியபோதுதான் இத்தனை நாள் கவனிக்காத ஒன்று புரிந்தது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் 'பெ' சேமிக்கப்படும்போது ப முதலில், கொம்பு அடுத்து. நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் தூக்கிப்போடுவதும், ஓகாரத்தை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் வைப்பதும், புள்ளியைத் தலைமேல் ஏற்றுவதும் வேறொரு இயந்திரத்தின் வேலை. லினக்ஸில் என்னிடமிருந்த டிகின்டர் அந்த இயந்திரத்தைக் கூப்பிடுவதே இல்லை. வந்த வரிசையில் ஒவ்வொரு குறியாக அடுக்கிவிட்டுப் போய்விடுகிறது. அதே நிரலை தம்பியின் விண்டோஸ் கணினியில் ஓட்டினேன். பெருமாள் பெருமாளாகவே வந்தார். ஒரே நிரல், ஓர் இடத்தில் சரி, ஓர் இடத்தில் தப்பு.

அதன்பிறகு எந்தக் கருவித்தொகுதியை எடுத்தாலும் முதல் சோதனை 'கோவிந்தன் பெருமாள்' என்று முடிவு செய்தேன். எலக்ட்ரான் என்ற தொகுதியில் தமிழ் பிரச்சினையே இல்லை, உள்ளே முழு குரோமியம் உலாவியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான்கு கட்டம் காட்ட ஓர் உலாவியையே சுமந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை, கடைக் கணினியின் நினைவகமும் 4 ஜிபிதான். டபிள்யூஎக்ஸ்பைத்தான் என்ற இன்னொன்று அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே எடுத்துக்கொள்ளும், அது நல்ல விஷயம். பைத்தான் தொகுப்புகளை இறக்கி நிறுவும் பிப் வழியாக நிறுவச் சொன்னேன். லினக்ஸுக்குத் தயார் தொகுப்பு கிடைக்காததால் மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கியது. மடிக்கணினி விசிறி கித்தா (ரப்பர்) ஆலை மாதிரி இரைந்தது. லினக்ஸ் மின்டின் சொந்தத் தொகுப்பாக அதை நிறுவியிருந்தால் ஒரு நிமிட வேலை என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் நான் மனம் மாறிவிட்டேன்.

கடைசியில் கியூட். எழுதுவது கியூ, டி என்ற இரண்டு எழுத்து, சொல்வது கியூட். 1991-இல் நார்வேயில் இரண்டு பேர் தொடங்கி, 1995-இல் வெளிவந்தது. விண்டோஸிலோ லினக்ஸிலோ விஎல்சி என்ற வீடியோ செயலியைப் பார்த்திருந்தால் கியூட்டைப் பார்த்திருக்கிறீர்கள். அடிப்படையில் அது சி++ நூலகம், பைத்தானிலிருந்து கூப்பிட இரண்டு வழி உண்டு. பைகியூட், செயலியைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். பைசைடு, அந்த அளவு கண்டிப்பு இல்லாத எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. இரண்டுக்கும் நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். நாளைக்கு இதை இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்க நேர்ந்தால் தலைவலி வேண்டாம் என்று பைசைடு 6-ஐ எடுத்தேன். முழுத் தொகுதியை இறக்காதீர்கள். முப்பரிமாணம், வரைபடம் என்று நமக்கு வேண்டாதது நிறைய வரும். எசென்ஷியல்ஸ் என்று ஒரு சின்னத் தொகுதி இருக்கிறது. அச்சிடுவது உட்பட இந்த வேலைக்குத் தேவையான எல்லாம் அதிலேயே உண்டு.

நிறுவி, நாலு வரி எழுதி ஓட்டினேன். சாளரம் வரவில்லை. லினக்ஸில் சாளரத்தைத் திரைக்குக் கொண்டுவரும் எக்ஸ்சிபி என்ற இணைப்பை ஏற்ற முடியவில்லை என்று ஒரு புலம்பல் வந்து நிரல் செத்துப்போனது. இது லினக்ஸில் கியூட் பழகும் பலரும் பார்க்கும் பிழை. பயந்து அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதால் பலன் இல்லை, நான் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். செய்தியை முழுவதும் படித்தால் அதிலேயே மருந்து இருக்கிறது: 6.5 பதிப்பிலிருந்து எக்ஸ்சிபி கர்சர் என்ற சிறு நூலகம் தனியாக வேண்டும். டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை தட்டி அதை நிறுவினேன். அடுத்த ஓட்டத்தில் சாளரம் வந்தது, நடுவில் 'கோவிந்தன் பெருமாள்', கொம்பு முன்னால். கியூட்டுக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் இயந்திரம் இருக்கிறது. டிகின்டரில் இல்லாமல் போனது அதுதான்.

அடிப்படை அமைப்பு எளிது. முதலில் செயலி என்று ஒரு பொருள், அது ஒன்றே ஒன்று. பிறகு சாளரம், அதற்குள் பெட்டிகள். கடைசியில் 'இனி நீ பார்த்துக்கொள்' என்று செயலியின் சுழற்சியை ஓடவிட வேண்டும். அந்தச் சுழற்சி சுட்டியையும் விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டே இருக்கும். எடைப் பெட்டியில் எண் மாறினால் அது ஒரு சமிக்ஞை விடும், அந்தச் சமிக்ஞையை நம் கணக்குப் போடும் செயற்கூறோடு கட்டிவிட வேண்டியதுதான். எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு இது சுவிட்சிலிருந்து ரிலேவுக்கு வயர் இழுப்பது மாதிரி. அரை நாளில் பழகிவிட்டது.

ஆரம்பத்தில் பெட்டிகளை இத்தனையாவது புள்ளியில் வை என்று எண் கொடுத்து வைத்தேன். என் திரையில் அழகாக இருந்தது. தம்பியின் கணினியில் எழுத்து அளவு 125 விழுக்காடு. 'காய்ந்த ரப்பர் விழுக்காடு' என்பது 'காய்ந்த ரப்பர் விழு' என்று நின்றது. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அடங்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு படிவ அடுக்கு ஒன்றைப் போட்டு, அகலத்தை அதுவே கணக்கிடட்டும் என்று விட்டேன். முதல் நாளே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

ரசீதைக் காட்ட இரண்டாவது சாளரம் ஒன்று எழுதினேன். பொத்தானை அழுத்தினால் மின்னல் மாதிரி வந்து மறைந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஓர் இரவு முழுக்கத் தேடினேன். சாளரத்தைச் செயற்கூறுக்குள்ளே ஒரு தற்காலிக மாறியில் வைத்திருந்தேன். செயற்கூறு முடிந்ததும் பைத்தான் குப்பை என்று நினைத்து அதைப் பெருக்கித் தள்ளிவிட்டது. முதன்மைச் சாளரத்தின் உடைமையாக அதைச் சேமித்ததும் நின்றது.

பணக் கணக்குக்கு வருகிறேன். உதாரணத்துக்கு எடை 42.6 கிலோ, காய்ந்த ரப்பர் 55 விழுக்காடு, கிலோவுக்கு 6 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்று வையுங்கள். பெருக்கினால் 145.266. மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத்தை 5 காசுக்கு முழுமையாக்குவது வழக்கம். காசின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே, 3, 4 என்றால் 5-க்கு, 6, 7 என்றால் 5-க்கு, 8, 9 என்றால் 10-க்கு. பைத்தானின் சாதாரண தசம எண்களை இதற்கு நம்பாதீர்கள். 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொல்லிப் பாருங்கள், 2.67 என்று சொல்லும். உள்ளே அது 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். டெசிமல் என்ற தனி வகையில் பெருக்கி, காசாக மாற்றி முழு எண்ணாக்கினேன். 14527 காசு. அதோடு 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியைத் தூக்கிப்போட்டு, மறுபடி 5-ஆல் பெருக்கினால் 14525. நூற்று நாற்பத்தைந்து வெள்ளி இருபத்தைந்து காசு. இந்த ஒரு வரியை மாமாவிடம் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் கடைசி இலக்கம் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

சரி, இனி கடைக்கு எடுத்துப்போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். பைஇன்ஸ்டாலர் என்ற கருவி நிரலையும் பைத்தானையும் கியூட்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும். லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸுக்கான கோப்பைக் கட்டலாம் என்று நம்பியிருந்தேன். முடியாது. எந்த இயங்குதளத்துக்கோ அதிலேயே உட்கார்ந்துதான் கட்ட வேண்டும். தம்பியின் கணினியில் கட்டினேன். ஒற்றைக் கோப்பாகக் கட்டியதை நச்சுநிரல் தடுப்பு பிடித்து மூலையில் உட்காரவைத்தது. கோப்புறையாகக் கட்டியபோது அந்தத் தொல்லை வரவில்லை. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன்.

கடைக் கணினி அதைத் திறக்கவே இல்லை. ஏதோ ஒரு டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) காணவில்லை என்றது. அப்போதுதான் கீழ் மூலையில் இருந்த அந்த உருண்டைப் பொத்தானைப் பார்த்தேன். விண்டோஸ் 7. இத்தனை வாரமும் அந்தக் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்திருக்கிறேன், ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை. கியூட் 6-க்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். பைத்தானும் 3.8-க்குப் பிறகு 7-ஐக் கைவிட்டுவிட்டது. பழைய பைசைடு 2-க்கு இறங்கலாம். அப்படியானால் மாமா மகளின் புது மேக் சிப்புக்கு அதன் தயார் தொகுப்பு கிடையாது. ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் தெரிகிற போர்வை.

மாமாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "இந்தப் பெட்டி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? புதுசு பாருடா" என்றார். ஈப்போவில் விண்டோஸ் 10 போட்ட பழைய அலுவலகக் கணினி ஒன்று மலிவாகக் கிடைத்தது. 10-க்கும் 2025 அக்டோபரில் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பது தெரியும். இணையத்தோடு அதிகம் ஒட்டாத கணினி, போகட்டும் என்று விட்டேன். ஆனால் என் மேல்தான் எனக்குக் கோபம். வெறும் சாளரம் ஒன்றை, ஒரு பெயரோடு, முதல் வாரமே கடைக்குக் கொண்டுபோய் ஓட்டியிருந்தால் கதை அன்றே தெரிந்திருக்கும்.

எழுத்துருவிலும் இதே பாடு. விண்டோஸில் நிர்மலா, லினக்ஸில் லோகித், மேக்கில் தமிழ் சங்கம் எம்என். ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு, ரசீதில் வரி உடையும் இடமும் வேறு. அந்த எம்என் வேறு யாருமில்லை, நம்ம ஊர் முத்து நெடுமாறன். 1985-இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர். மேக்கைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. இருந்தாலும் மூன்றிலும் ஒன்றாக இருக்க நோட்டோ தமிழ் எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே சேர்த்தேன். இலவச உரிமம், கூடவே கொடுக்கலாம். கட்டிய பிறகு கோப்பு இருக்கும் பாதை மாறிவிடுவதால் எழுத்துரு ஏறவில்லை, கியூட்டும் சத்தம் போடவில்லை. ஏற்றும் செயற்கூறு -1 என்று திருப்பித் தந்தால் தோல்வி என்று பொருள். அதைச் சோதித்து ஒரு எச்சரிக்கை காட்டுங்கள்.

80 மில்லிமீட்டர் சுருள் போடும் வெப்ப அச்சுப்பொறியில் முதல் ரசீது வந்தபோது எழுத்து எறும்பு சைஸில் இருந்தது. பழுதுபார்ப்பவன் புத்தி, அச்சுப்பொறியைத்தான் முதலில் திறந்தேன். பிழை என்னுடையது. திரையில் அங்குலத்துக்கு 96 புள்ளி, இந்த அச்சுப்பொறியில் 203. நான் புள்ளிக் கணக்கில் அளவு கொடுத்ததால் எல்லாமே பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. 203 என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. எல்லா அளவையும் மில்லிமீட்டரில் எழுதி 8-ஆல் பெருக்கிவிட்டேன், எழுத்துக்குப் பாயின்ட் அளவு கொடுத்தேன். இந்த மாதிரி அச்சுப்பொறிக்குள் தமிழ் எழுத்து கிடையாது. விண்டோஸின் டிரைவர் வழியாகப் படமாகப் போவதால்தான் நமக்குப் பிழைப்பு நடக்கிறது.

மழை நாளில் பால் வெட்டு இல்லை, மறுநாள் கடையில் கூட்டம் குறைவு. அப்படிப்பட்ட ஒரு நாளில் புத்தகத்தையும் கணினியையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மாமா விற்பவர்களை எண்ணால்தான் அறிவார், செக்ரோல் பழக்கம். எண்ணைத் தட்டினால் பெயர் வருமாறு செய்திருந்தேன். அதில் அவருக்குத் தமிழ் தட்டச்சு தேவைப்படவில்லை. 17-ஆம் எண் பாட்டிக்கு ரசீது கொடுத்தேன். எண்பதை நெருங்கியவர், கண்ணாடிகூட இல்லை.

"தம்பி, தராசு நாப்பத்திரண்டு சொச்சம் காட்டுச்சு. இதுல நாப்பத்தொன்னுன்னு இருக்கே?"

42.6 கிலோ 41.6 ஆகியிருந்தது. அவருக்கு 3 வெள்ளி 40 காசு நட்டம். மாமா கீழே இருக்கும் பட்டியலை உருட்டச் சுட்டியின் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார், அம்பு எடைப் பெட்டியின் மேல் நின்றிருக்கிறது. கியூட்டின் எண் பெட்டி சக்கரம் சுற்றினால் மதிப்பை மாற்றும், அது பிழையே இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பணம் புழங்கும் இடத்தில் அது ஆபத்து. எண் பெட்டியிலிருந்து ஒரு சிறு வகுப்பு உண்டாக்கி, சக்கர நிகழ்வு வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரே வரி எழுதினேன். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு மிச்சத்தைக் கொடுத்தோம். "கெராணி கையெழுத்துல இந்தப் பிரச்சனை வந்ததில்ல" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

மேக்கில் வேலை குறைவு. என்னிடம் மேக் இல்லை, ஆகவே மாமா மகள் நிரலை மூலத்திலிருந்தே ஓட்டிக்கொள்கிறாள். மெனுவில் மட்டும் ஒரு வேடிக்கை. மேக்கில் அமைப்புகள், வெளியேறு போன்றவை மேலே செயலியின் பெயருக்குக் கீழே போக வேண்டும். ஆங்கிலச் சொற்களாக இருந்தால் கியூட் அவற்றை ஊகித்து நகர்த்திவிடும். 'அமைப்புகள்' என்று தமிழில் எழுதினால் அதற்குப் புரியாது, அந்த உருப்படி எந்த வேலைக்கு என்று நாமே குறித்துவிட வேண்டும். மாதக் கணக்கை அவளுக்கு சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்புகிறேன். இது யூனிகோடு எழுத்து என்று சொல்லும் யூடிஎஃப்-8 அடையாளத்தைக் கோப்பின் தலையில் வைக்காமல் எழுதினால் எக்செல் பெயர்களையெல்லாம் கிறுக்கலாக்கிவிடும்.

இரண்டாம் வாரம் ஒரு மாலை மாமா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கணினியின் நாள் மொத்தத்துக்கும் அவர் புத்தகத்துக்கும் 10 காசு வித்தியாசம். பத்துக் காசுக்கா கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ரசீது ரசீதாக எடுத்து வைத்திருந்தார். எல்லாமே ஒத்துப்போயின, மொத்தம் மட்டும் போகவில்லை. நான் ரசீதில் 5 காசுக்கு முழுமையாக்கிவிட்டு, நாள் மொத்தத்துக்கு முழுமையாக்காத தொகைகளைக் கூட்டிக் கடைசியில் ஒருமுறை முழுமையாக்கியிருந்தேன். பெட்டியிலிருந்து வெளியே போன பணம் ரசீதில் இருப்பதுதான். அவர் புத்தகம் சரி, என் நிரல் தப்பு. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து திருத்தினேன். அவர் பேனாவால் அந்தப் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

புத்தகம் இன்னும் கணினிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இரண்டிலும் எழுதுகிறார். தராசின் பின்புறம் கம்பி செருகும் ஒன்பது ஊசித் துளை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எடையை நேராக அதிலிருந்தே வாங்கிவிட்டால் தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. அடுத்த மழைக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டும்.